ஒருவருக்கும் பசிக்காத ஊர்

மச்சாள்,

நேற்றுக் காலை பேஸ்மன்றுக்கு இறங்கி, படிக்குக் கீழே கிடந்த உங்கள் நீலக் கூலர்ப் பெட்டியை இழுத்து எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருப்பேன், எத்தனை நாள் வெயிலில் கவிழ்த்து வைத்திருப்பேன். போகவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மிளகாயும் வாழையிலையும் கலந்த அதே மணம். நீங்கள் போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது, உங்கள் குழம்பு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வைத்தவரின் குணம் வராமல் இருக்குமா?

பாரிசிலிருந்து உங்கள் சின்னம்மாவின் மகன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து நிற்கிறார். ரொறன்ரோவுக்கு யார் வந்தாலும் களைப்பு ஆறும் முன்னமே நயாகராவுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம் அல்லவா? அதற்காகத்தான் பெட்டியை எடுத்தேன். எடுத்தவள் படியிலேயே இருந்துவிட்டேன். உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. அதுதான் இன்றைக்குக் காலைத் தேத்தண்ணியோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளின் எழுத்து, கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். அங்கேயிருந்து சிரியுங்கோ.

எங்கள் சனத்தில் உங்களைப் போல இத்தனை தரம் நயாகராவுக்குப் போனவர் வேறு யாரும் இருக்க முடியாது. ரொறன்ரோவில், பார்க்டேலில் அந்த ஒற்றை அறை அப்பார்ட்மன்றில் இருந்த காலத்திலேயே, வந்து இறங்கினவர்களை எல்லாம் நீங்கள்தான் வைத்துச் சோறு போட்டீர்கள். நான் உங்கள் தம்பியைக் கலியாணம் கட்டி வந்து இறங்கிய அன்று, என் பெயரைக் கேட்கும் முன் பசிக்குதா என்று கேட்டவர் நீங்கள். பிறகு மில்லிக்கனில் எங்களோடு ஒன்றாக வீடு எடுத்தபோதும் அடுப்படி உங்கள் கையில்தான். வந்தவர் எல்லோரையும் நயாகராவுக்குக் கூட்டிப் போவோம். இடியப்பம், சம்பல், கட்லட் என்று பெட்டி நிறையும். அங்கே போய் இறங்கியதும் மரத்தின் கீழ் மேசை பிடித்து, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் இருந்துவிடுவீர்கள். "சாமானுக்கு ஆரும் ஒராள் நிக்கோணும். நீங்கள் போய்ட்டு வாங்கோ." அதை நாங்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

உங்களுக்குச் சிறுநீரகம் பழுதான அந்தக் கோடையில்தான் டாக்குத்தர் சொன்னார், செப்ரெம்பரில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் தொடங்க வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள், அதற்குப் பிறகு தூரப் பயணம் எல்லாம் கஷ்டம் என்று. அடுத்த கிழமை லண்டனிலிருந்து வந்த ஆட்களோடு நயாகராவுக்குப் போய்த் திரும்பும்போது, வானுக்குள் சும்மா பகிடிக்குத்தான் கேட்டேன்.

"மச்சாள், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் நயாகராவைப் பாத்தனீங்களோ இல்லையோ?"

"இதென்ன விசர்க் கேள்வி? எத்தினை தரம் வந்திருக்கிறன்."

"வந்ததைக் கேக்கேல்லை. தண்ணி விழுறதை உங்கட கண்ணாலை பாத்தனீங்களோ?"

"சத்தம் கேட்டனான்," என்றீர்கள்.

வான் முழுக்கச் சிரித்தது. உங்கள் தம்பி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் எங்கேயோ மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. செப்ரெம்பர் வருகுது, மச்சாள் இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை. பெரிதாக ஒன்றை, வாய் பிளக்க வைக்கிற ஒன்றை, அதற்கு முன் உங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் கூட்டித் துடைக்கிற பல் கிளினிக்கில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. மட்டையில் சிவப்பு மலைகளுக்கு நடுவே வெள்ளி நிற ரெயில் ஒன்று புழு மாதிரி ஊர்ந்தது. அதைக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? உது அமெரிக்கா. டென்வருக்குப் பிளேனிலை போய் அங்கையிருந்துதான் ரெயின். நீங்களும் மாமியும் தனியாவோ?"

"ஏன், ரெயின் எங்களைக் கடிக்குமோ?"

உங்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய பாடு. "அவனுக்கு ஆர் சமைக்கிறது?" என்று கேட்டீர்கள். உங்கள் தம்பி, "நான் நூடில்ஸ் சாப்பிடுவன் அக்கா," என்றார். செத்த வீட்டுச் செய்தி கேட்ட மாதிரி அவரைப் பார்த்தீர்கள். கடைசியில் வந்தீர்கள். பெட்டி, சட்டி, சாப்பாடு ஒன்றும் கொண்டு வரமாட்டேன் என்று என் தலையில் சத்தியமும் செய்தீர்கள். ரொறன்ரோ எயார்போட்டிலேயே நிற்கிற அமெரிக்க அதிகாரி உங்கள் கைப்பையைத் திறந்தபோது, என் தலைக்கு நீங்கள் வைத்திருந்த மதிப்பு தெரிந்தது. ஆட்டிறைச்சி ரோல்ஸ், வரிசையாக, பேப்பரில் சுற்றி! இறைச்சி கொண்டு போக முடியாது என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் குப்பை வாளியில் போட்டார். பயத்தம் உருண்டையை மட்டும் விட்டார்.

"அந்தப் பிள்ளை ஒண்டையாவது சாப்பிட்டுப் பாத்திருக்கலாம்," என்றீர்கள், பிளேன் ஜன்னலில் டென்வர் வெளிச்சங்கள் தெரியும்போது.

அடுத்த நாள் காலை ரெயில். மேல்மாடியில் ஒரு பெட்டி, சுவரும் கூரையும் பாதிக்குக் கண்ணாடி, கதிரைகள் எல்லாம் வெளியே பார்த்தபடி. நான் உங்களை நல்ல இடமாகப் பார்த்து இருத்திவிட்டுத் திரும்பினால், நீங்கள் கதிரையைச் சுழற்றி உள்ளே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், முதுகை மலைக்குக் காட்டிக்கொண்டு.

"என்ன மச்சாள் இது?"

"கைப்பையளைப் பாக்கோணுமெல்லோ. கண்டதுகளும் போகுது வருகுது."

அந்தக் கண்டதுகளுக்குத்தான் பிறகு பயத்தம் உருண்டை பரிமாறத் தொடங்கினீர்கள். தொப்பி போட்ட ஒரு வயோதிபர் ஒன்றைக் கடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். உடனே அவருக்கு இன்னுமொன்று. வெளியே பைன் மரங்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன, தூரத்தில் டென்வர் நகரம் சிந்தின உப்பு மாதிரிக் கிடந்தது, உங்களுக்கோ உருண்டை எல்லோருக்கும் காணுமா என்ற கவலை. மலையைத் துளைத்துப் போகிற நீளச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. ஒரே இருட்டு. உங்கள் கை என் கையைத் தேடி வந்து இறுக்கிப் பிடித்தது. பயந்துவிட்டீர்களாக்கும் என்று நானும் இறுக்கினேன்.

"பை கிடக்கோடி?" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு முதன்முதலாக மனம் விட்டுப்போனது. இவ்வளவு தூரம் கொண்டுவந்தும் இந்த மனுசிக்கு ஒன்றையும் காட்ட முடியாது போல என்று நினைத்தேன்.

சுரங்கத்துக்கு அப்பால் ஆறு வந்து சேர்ந்தது. தண்டவாளமும் ஆறும் கைகோத்துக்கொண்டு மலைப் பிளவுக்குள் இறங்கின. ஆற்றில் இரப்பர் படகுகளில் இளம் ஆட்கள். ரெயிலைக் கண்டதும் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். திடீரென்று அவர்கள் எல்லோரும் எழுந்து, மறுபக்கம் திரும்பி, குனிந்து, காற்சட்டையை இறக்கினார்கள். பெட்டி முழுக்கச் சிரிப்பும் கூக்குரலும். இந்த ஆற்றில் ரெயிலுக்கு இப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம், தொப்பிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"என்னடி? என்ன நடந்தது? ஏன் எல்லாரும் சிரிக்குதுகள்?"

"திரும்பிப் பாருங்கோ மச்சாள்," என்றேன், முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு.

திரும்பினீர்கள்.

"ஐயோ! சனியன்கள்! தாய் தேப்பன் இல்லையே உதுகளுக்கு!"

சால்வையால் முகத்தை மூடினீர்கள். விரலிடுக்கால் இன்னொரு தரம் பார்த்தீர்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதேயுங்கோ, நான் கண்டேன். ஒரு படகு போக அடுத்த படகு வந்தது, அவர்களும் குனிந்தார்கள். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்கினீர்கள்.

மேலே மலை நின்றது.

உங்கள் கண் அதில் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கழுத்து பின்னால் சாய்ந்தது, சால்வை தோளிலிருந்து நழுவியது, நீங்கள் எடுக்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்தில் உயரம் என்றால் பனையும் கோயில் கோபுரமும்தான். மலை பார்க்கத் தலையை எவ்வளவு தூக்க வேண்டும் என்றே தெரியாத சனம் நாங்கள். அங்கே பாறை நேர்க்குத்தாக, சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக, ரெயிலின் இரண்டு பக்கமும் எழும்பி நின்றது. மேலே வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. வெயில் மேற்பாறையில் மட்டும் எரிந்தது, நாங்கள் நிழலுக்குள் ஊர்ந்தோம். அவ்வளவு நேரம் சிரித்த பெட்டி கோயில் மாதிரி அடங்கிவிட்டது.

நீங்கள் எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தீர்கள். ஸ்பீக்கரில் ஒருவர் ஏதோ விளக்கம் சொன்னார்.

"என்னவாமடி?"

"கல்லு சரியான பழசாம். உங்களைவிடவாம்."

வழக்கமாக அதற்கு ஒரு குட்டு விழும். விழவில்லை. நான் சொன்னது உங்கள் காதில் ஏறவேயில்லை.

"புட்டு அவிச்ச மாதிரி அடுக்கடுக்கா வைச்சிருக்கு, பாரன்," என்றீர்கள் மெதுவாக. "ஆரடி இதை அவிச்சது?"

நானும் எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு பை எங்கே கிடந்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிளவு முடிய இன்னொரு பிளவு. ஒரு திருப்பத்தில் ரெயிலின் முன்பக்கம் எங்களுக்கு எதிரே வளைந்து தெரிந்தது. அந்தப் பாறைகளின் காலடியில் அது பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பின்னேரம் மலைகள் விலகிப் பின்வாங்கின. பாலைவனம் வந்தது. பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நான் நினைத்திருந்தேன். அது செம்மண்ணும் சாம்பல் பற்றையும், யாரோ வெட்டி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரித் தனித்தனியாக நிற்கிற சிவப்புப் பாறைகளும். வீடில்லை, வேலியில்லை, தெருவில்லை. சூரியன் விழ விழ அந்தச் சிவப்பு உள்ளேயிருந்து கனன்றது. உங்கள் முகமும் சிவந்தது, பக்கத்தில் நின்ற தொப்பிக்காரரின் முகமும் சிவந்தது.

"இதிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மச்சாள்."

"ஒருத்தருமோ?" நெற்றியைக் கண்ணாடியோடு ஒட்டினீர்கள். "அப்ப ஒருத்தருக்கும் பசிக்காது."

சாப்பாட்டுக்கு வரச்சொல்லி ஒரு பெண் பிள்ளை வந்து கூப்பிட்டாள். நீங்கள் அசையவில்லை.

"மச்சாள், சாப்பாடு ஆறிப்போகுமாம்."

"ஆறட்டும்."

மச்சாள், உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. எத்தனை பேரை எத்தனை வேலையிலிருந்து இழுத்து வந்து சூட்டோடு சாப்பிட வைத்த வாய் அது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தூரத்துப் பாறைகள் ஊதா நிறத்துக்கு மாறின. நீங்கள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்.

"எடியே, நாங்கள் வராட்டிலும் இதெல்லாம் இப்பிடியே நிக்குமே?"

"நிக்கும் மச்சாள்."

"ஒருத்தரும் பாக்காட்டிலும்?"

"ஓம். ஆரும் தேவையில்லை. அது தன்ரை பாட்டுக்கு நிக்கும்."

மூச்சை விட்டீர்கள். அது நீண்ட மூச்சு. "அப்ப சரி," என்றீர்கள். பார்க்டேலில் தொடங்கித் தோளில் ஏற்றின ஒரு சுமையை யாரோ வாங்கி அந்தச் செம்மண்ணில் இறக்கி வைத்த மாதிரி, உங்கள் தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பயணத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய காட்சி அதுதான். மலைகள் கோபித்தால் கோபிக்கட்டும்.

செப்ரெம்பரில் மெஷின் தொடங்கியது. குழாய் செருகும்போது கண்ணை மூடிக்கொண்டு, "எங்கையடி நிக்கிறம்?" என்று கேட்பீர்கள். "சுரங்கம் தாண்டியாச்சு," என்பேன். பிலிப்பைன்ஸ் நேர்ஸ் பிள்ளைக்கு அந்தப் படகுக்காரர்களின் வணக்கத்தைக் கையாலேயே செய்து காட்டி, அவளைச் சிரித்துக் கண்ணீர் விட வைத்தீர்கள். வீட்டில் அடுப்படியை என்னிடம் விட்டீர்கள். என் குழம்பில் உப்புக் கூடினபோது ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டீர்கள். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எங்களை விட்டுப் போன கிழமை உங்களுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு நாள் நான் கட்டிலருகே இருந்து, இரவுக்கு வருகிற ஆட்களுக்கு என்ன சமைப்பது என்று புலம்பினேன். கையைத் தூக்கி என்னை நிற்பாட்டினீர்கள். "அது தன்ரை பாட்டுக்கு நிக்கும்," என்றீர்கள். எதைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

நேற்று நயாகராவில் அதே மரத்தின் கீழ் மேசை கிடைத்தது. எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். பாரிஸ்காரரின் பெண்சாதி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நல்ல பிள்ளை, விடிய எழும்பி என்னோடு சேர்ந்து இடியப்பம் பிழிந்தவள்.

"அக்கா, நீங்கள் போய்ட்டு வாங்கோ. சாமானோடை நான் நிக்கிறன்."

உங்கள் குரலே வந்த மாதிரி இருந்தது. பெட்டியின் ஒரு கைபிடியை நான் பிடித்தேன்.

"மற்றப் பக்கம் பிடி," என்றேன்.

"எங்கை அக்கா? கம்பி வேலிக்கரைக்கோ? சனம் பாக்குது."

"பாக்கட்டும். பிடி."

நாங்கள் இரண்டு பேரும் அந்த நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சனத்தை விலக்கி விலக்கிப் போனோம். ஐஸ்கிறீம் விற்கப் போகிறோம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். தண்ணீரோரக் கம்பி வேலிக்கரையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தோம். அவ்வளவு தண்ணீரும் ஒரே இடத்தில் வளைந்து, பச்சையாகி, வெள்ளையாகி, விழுந்துகொண்டேயிருந்தது. உங்களுக்குச் சத்தமாக மட்டும் தெரிந்த தண்ணீர். அவளின் வாய் திறந்தபடி இருந்தது. காற்று மாறி, புகை மாதிரித் தண்ணீர்ப் பொடி வந்து எங்கள் தலையிலும் பெட்டியிலும் கொட்டியது.

"அக்கா, மூடி சரியாப் பூட்டேல்லை. இடியப்பம் நனையுது."

"நனையட்டும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, பெட்டியின் கைபிடியை நான் இன்னும் விடாமல் பிடித்திருந்தேன். அவளும் மற்றதை விடவில்லை.