வடமாலபேட்டையில் பனிமலைப் பூ

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை கொட்டிவிட்டு நின்றது. கதவைத் திறந்தால் ஈரக் கரி வாசனை. அடுப்பில் ஒன்றும் கருகவில்லை. வாசலோரம் நீங்கள் அடுக்கி வைத்த கல் மேட்டிலிருந்துதான் வந்தது. உங்கள் காரியத்தன்று அதில் சில கற்களை எடுத்துத்தான் அடுப்புக் கூட்டினார்கள். திரும்ப மேட்டில் வைத்த பிறகும் கரி இன்னும் போகவில்லை.

திருப்பதியிலிருந்து நம் மகன் வரும்போதெல்லாம் காரைத் தெருவில் விட வேண்டியிருக்கிறதாம். "கல்லெல்லாம் எடுத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம்மா. காலைல கொத்தனார கூட்டிகினு வரட்டா? யோசிச்சுச் சொல்லு" என்று மத்தியானம் போனில் கேட்டான். யோசிக்கத்தான் உட்கார்ந்தேன்.

பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர் நீங்கள். லடாக்கிலிருந்து வருகிறவர்கள் சால்வை கொண்டுவருவார்கள். நீங்கள் கிறுக்கைக் கொண்டுவந்தீர்கள். "அங்க மரமே நிக்காதுமே. ஒரு செடி மட்டும் கல்லு சந்துல தரையக் கவ்விகினு பூக்கும்" என்று சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போனது. ஓய்வு பெற்றதும் நகரி மலையடிவாரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒவ்வொரு கல்லாக ஏற்றி வந்தீர்கள். அந்தச் செடியின் விதை தபாலில் வந்தது. குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவீர்கள். பால் வைக்க இடமில்லை என்று கத்துவேன். "பாலு நாளைக்கும் வரும், இது வராதுமே" என்பீர்கள்.

ஐப்பசியில் விதைப்பு. பாதி முளைக்காது. முளைத்ததில் பாதியை நத்தை தின்னும். தப்பியது கத்திரி வெயிலில் செத்துப்போகும். "பகல் வெயிலு இல்லமே, ராத்திரிப் புழுக்கந்தான் கொல்லுது" என்று கற்களுக்கு நடுவே மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்கள். அப்படியும் செத்தது.

ஒரே ஒரு மாசியில் பூத்தது. ஊதா நிறம், நடுவில் ஆரஞ்சுப் பொட்டு, விரல் உயரம்கூட இல்லை. "குந்திகினு பாத்தா தெரியாது, படு" என்றீர்கள். வயசான காலத்தில் வாசலில் குப்புறப் படுத்தோம், இரண்டு பேரும். எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டு, எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று, "அய்யய்யோ, ஏமைந்தக்கா!" என்று தெலுங்கில் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "பூ பாக்கறோம்" என்றேன். மானம் போனது. ஆனால் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

காரியத்தன்று உங்கள் தங்கைதான் கேட்டாள்: "அண்ணி, நல்ல கல்லா கெடக்குதே, அடுப்புக்கு எடுத்துக்கட்டுமா?" எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூட வாயில் தெம்பில்லை. நீங்கள் இருந்திருந்தால் குதித்திருப்பீர்கள். அந்த அடுப்பில் வெந்த சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

பிறகு ஐப்பசி வந்தது. விதை ஃபிரிட்ஜில் தயாராகத்தான் இருந்தது. விதைக்கவில்லை. முதுகு வலி என்று மகனிடம் சொன்னேன். உங்களிடம் என்ன மறைக்க? விதைத்தால் முளைக்கும், முளைத்தால் கத்திரியில் சாகும். நீங்கள் காய்ந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "போனா போவுது, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று கை கழுவிக்கொண்டு சோறு துன்ன வந்துவிடுவீர்கள். அந்த நெஞ்சு எனக்கு இல்லைங்க. ஒரு சாவைப் பார்த்தாயிற்று. வருஷா வருஷம் இன்னொன்றைப் பார்க்க என்னால் ஆகாது. களைத்துவிட்டேன்.

இப்போதுதான் மகனுக்குப் போன் போட்டேன். "எடுத்துடலாம்பா" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வருஷம் சாவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் கத்திரி நெருங்க நெருங்க, தினமும் விடிந்ததும் போய், எது வாடியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறேன். நாளைக்குப் பிறகு டைல்ஸைத்தான் குனிந்து பார்ப்பேன் போலிருக்கிறது.