இணைச்சீருக்கு உன்னை வரவேண்டாம் என்றது

கோயம்புத்தூர்,
தை மாதம், புதன்கிழமை, 1996.

அன்புள்ள தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது. உன் கடிதத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அது இன்று காலைத் தபாலில் வந்தது. இதுவரை மூன்று தடவை படித்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம், பரோடாவில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு.

வீடு முழுக்கக் கல்யாணத்துக்கு வந்த ஆட்கள். அப்பா மண்டபத்தில் சமையல்காரரோடு நிற்கிறார், ரத்தக்கொதிப்பு மாத்திரையை நான் கையில் வைத்துக்கொண்டு துரத்தினால்தான் விழுங்குகிறார். உன் தம்பி சிவம் கல்யாண மாப்பிள்ளைக் களையே இல்லாமல் வாழைமரம் கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். காங்கேயத்திலிருந்து உன் அத்தை நாச்சியம்மாள் முந்தாநாளே வந்துவிட்டார். போன் கூடத்தில்தான் இருக்கிறது, உன்னைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அதைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள், நான் சொல்லவேண்டியதை அவர்கள் காதில் விழாமல் சொல்ல முடியாது. அதுதான் காரணம் என்று எழுதும்போதே அது எவ்வளவு கேவலமான காரணம் என்று தெரிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் மனோதத்துவ ஆராய்ச்சிக்காக ஜூலையில் நீ சோதித்த அதே குழந்தைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும், இந்த வாரம் தவறினால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை தொடங்கிவிடும், ஒரு வருஷ உழைப்பு வீண் என்று நீ தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். முகூர்த்தம் இந்த வாரத்தில் அமைந்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. இணைச்சீர் எனக்கு ஒரு கூடை, ஒரு கூறைச்சேலை, அவ்வளவுதான். உடன்பிறந்தவள் கூடையைச் சுமந்து வந்து சேலையின் ஒரு முனையைப் பிடிப்பாள், மறுமுனையைக் கல்யாண மாப்பிள்ளை பிடிப்பான், அவள் இடத்தில் யார் பிடித்தாலும் சேலைக்குத் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். உன் சித்தப்பா மகள் கோமதியை உட்காரச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு, எல்லாம் முடிவாகிவிட்டது நீ வரவேண்டாம், வேலையைப் பார் என்று உனக்கு எழுதினேன். இங்கே எல்லோரிடமும் தேனுக்குப் பரீட்சை, அவளால் வரமுடியவில்லை என்று சொன்னேன்.

அதற்கு அப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் உன்னைத்தான் பேசுகிறார்கள். அத்தை நேற்று எல்லோர் முன்னாலும், ஏஞ்சௌந்தரம், உம்பிள்ள ஊர்ல இருக்கிறவங்க மனசையெல்லாம் படிக்கிறாளாமா, கூடப்பொறந்தவன் மனசு மட்டும் பாடத்துல வல்லியா என்று கேட்டார். சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சிவம் இரண்டு நாளாக உன் பெயரை எடுக்கவில்லை. அதைக் கவனித்தும் நான் பரீட்சைக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் ஆராய்ச்சி முடியவேண்டும் என்ற அவசரம் உன்னுடையதா என்னுடையதா என்று இன்றைக்குத்தான் கேட்டுக்கொள்கிறேன். நான் எம்.ஏ. முடித்ததும் மேலே படிக்கவேண்டும் என்று சொன்னபோது என்னை யாரும் கேட்காமல் கல்யாணத்தை முடிவு செய்தார்கள். உன்னையும் கேட்காமல்தான் நான் முடிவு செய்திருக்கிறேன், படிப்பின் பக்கம் என்பதால் அது வேறு என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையோடு ஒரு சினிமாவுக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா, சினிமா எங்கேயும் போகாது என்று. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். படிப்பையும் வீட்டையும் சரிசமமாக நிறுத்துவது தராசுக் கடையில்தான் முடியும், ஒரு வாரம் இந்தப் பக்கம் சாயும் ஒரு வாரம் அந்தப் பக்கம் சாயும், எந்த வாரம் எது என்று நீதான் சொல்லவேண்டும். நீ வந்திருந்தால் சோதனை கெட்டிருக்குமோ, வராமல் இருந்ததால் நீ கெட்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று இப்போது நினைக்கிறேன். நினைப்பதற்கு நான் கெட்டிக்காரி.

நேரத்துக்குச் சாப்பிடு, டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமையாவது காகிதங்களைத் தொடாதே என்று சொல்ல வந்தேன், அதையும் நீயே பார்த்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழவேண்டும், எடுத்த காரியம் உன் கையாலேயே முடியவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்தரம்

வியாழக்கிழமை. உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். காலையில் மண்டபத்தில் கோமதி கூடையை எடுக்கும்போது, பெண்வீட்டார் காதில் விழும்படி அத்தை மறுபடியும் அதே பேச்சை எடுத்தார். நான் சொல்லிவிட்டேன். பரீட்சையும் இல்லை ஒன்றும் இல்லை, நான்தான் வரவேண்டாம் என்று எழுதினேன், அவளைக் கேட்கவே இல்லை என்றேன். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டு, அட கெரகமே, இதை முந்தியே சொல்லிப்போட்டிருந்தா அந்தப் புள்ளைய இந்த வாயால வஞ்சிருக்க மாட்டேனே என்றார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நேரமாகுதுங்க என்று சீர் நடத்துகிற அருமைக்காரர் அவசரப்படுத்தினார். கோமதிதான் உட்கார்ந்தாள், சிவம் தலையைத் தூக்காமல் சேலை முனையைப் பிடித்தான்.

சீர் முடிந்ததும் இணைச்சீர்க்காரிக்கு எடுத்த புடவையைக் கோமதி என் கையிலேயே கொடுத்துவிட்டாள். இது தேனக்காளுதுங்க பெரியம்மா, எனக்கு ரெண்டு பந்திச் சோறு போட்டாப் போதும் என்றாள். சிவம் அதை என்னிடமிருந்து வாங்கித் தன் பெட்டியில் வைத்தான், அடுத்த மாதம் கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பரோடா போய் அவனே கொடுக்கப்போகிறானாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். பெட்டியைப் பூட்டினான். அப்புறம், அக்காளைக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்கம்மா என்றான்.