கேக்குதுங்களா?

சேலம்
பிப்ரவரி 4, 2024

அன்புள்ள தீபிக்கு,

நலமா என்று கேட்க மனமில்லை. நீ நலமாக இருப்பதைத்தான் ஊரே போனில் பார்க்கிறதே. எனக்குத் தொண்டையில் சிறு கட்டி. மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்கிறார் டாக்டர். வாட்ஸப்பில் எழுதினால் பார்த்துவிட்டுப் பாடப் போய்விடுவாய். அதனால்தான் தபால்.

நம் பேண்டுக்கு ‘ஜவ்வரிசி’ என்று பேர் வைத்தவள் நான். இரண்டு கச்சேரிக்கு மட்டும் பாடு என்று மைக்கை உன்னிடம் கொடுத்தவளும் நான். மைக்கோடு என் பாட்டையும் எடுத்துக்கொண்டாயே! நாமகிரிப்பேட்டை திருவிழாவில் மைக் கரகரத்தபோது “கேக்குதுங்களா?” என்று கேட்டது யார்? “கேக்கலீங்க!” என்று கூட்டம் கத்தியதும் மேடையை விட்டு இறங்கி, அவர்கள் பக்கத்தில் போய் மறுபடி கேட்டது யார்? அதைத்தானே பாட்டாக்கினோம்! இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது இதுதான். எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன்.

வெந்நீர் குடித்தே காலம் தள்ளும்,
ஷாஹிஸ்தா

வெண்ணந்தூர்
பிப்ரவரி 12, 2024

அன்பு ஷாஹி,

முதலில் தொண்டையைப் பார். அம்மா சித்தரத்தை அனுப்பியிருக்கிறாள், வாயில் அடக்கிக்கொள்.

மைக் உன்னுடையது, சரி. ‘ங்க’ யாருடையது? எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தில் அப்பாவைக் கூப்பிட அம்மா நாளெல்லாம் கத்துவது அது: “ஏனுங்க, கேக்குதுங்களா?” ஒத்திகைக்கு வந்தபோதெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தாய். பிறகு மேடையில் போய்ச் சொன்னாய். சேலம் டவுன்காரிக்கு வேறு எங்கிருந்து வரும்? மடமும் எங்களுடையதுதான் அம்மணி.

கோயம்புத்தூர் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. நம் ஜெயபிரகாஷ் புது டிரம்ஸ் வாங்கிவிட்டான். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன்
தீபிகா

சேலம்
மே 20, 2024

தீபிகா,

டிவி பேட்டியில், அந்த வரி எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். “சும்மா வாயில வந்துச்சுங்க” என்றாய். என் பேரை விடு, உன் அம்மா பேரையாவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன்.

பாடலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரமாகிறது. ஜெயபிரகாஷ் மூலம் உனக்கும் சொல்லி அனுப்பினேன். ‘வா’ என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. இனி எழுதாதே.

ஷாஹிஸ்தா

வெண்ணந்தூர்
செப்டம்பர் 1, 2024

அன்பு ஷாஹி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஜவ்வரிசி முடிந்துவிட்டது. ஜெயபிரகாஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கடைசிக் கச்சேரி பனமரத்துப்பட்டியில். “கேக்குதுங்களா?” என்றேன். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்களே தவிர, ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் ஓர் அக்கா மட்டும் கேட்டார்: “அந்தப் புள்ள வரலீங்களா? கீழ எறங்கி வருமே!”

அன்றைக்கு எரிந்தது என் வயிறு. ஏன், அதற்கு முன்பும்தான். நீ வந்துவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் ‘வா’ என்று எழுதவில்லை.

பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. கத்தித்தான் கேட்கிறேன், ஷாஹி: கேக்குதுங்களா?

தீபி

சேலம்
செப்டம்பர் 9, 2024

தீபிக்கு,

சித்தரத்தை தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் அத்தா கீழே துணிக்கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். நான் மாடியில்தான் இருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில்: கேக்கலீங்க.

ஷாஹி