ஏழாம் இலக்கப் பிள்ளை

தலைமன்னார்,
14.02.1998

அன்புள்ள அரசி,

உன் ஆராய்ச்சிக்கு இந்த வருடமும் நீ கேட்ட, பிள்ளைகளின் பேச்சைப் பதிந்த கசெற்றுகளைக் கோவில் பாதர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று மாதமாக எனக்கு ஒரு கடிதமும் இல்லை. கசெற் வேண்டுமென்றால் மட்டும் என் நினைப்பு வருகிறது உனக்கு!

நம் முன்பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் பேசியிருக்கிறார்கள். மதலேனா மட்டும் இல்லை. அன்ரோனெற்றின் மகள், போன வருடமும் பதிந்தோமே, ஏழாம் இலக்கம். நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிடிவாதம் என்று இரண்டு மூன்று தரம் மூலையில் நிற்கவிட்டேன். "அவள் தகப்பன்ர பக்கம், ரீச்சர். அவரும் பிந்தித்தான் கதைச்சவராம்" என்கிறாள் தாய்.

குழந்தைகளின் பேச்சைப் படிக்கிறவள் நீ. என்ன செய்யலாம், சொல்லு.

உன்,
பிரான்சிஸ்கா

கொழும்பு,
02.03.1998

அன்பின் பிரான்சி,

பிள்ளையை உடனே இங்கே கூட்டி வா. காது பார்க்க வேண்டும். டொக்டரிடம் நானே நாள் எடுத்து வைக்கிறேன். தள்ளிப்போடாதே. இனி மூலையில் நிற்கவிடாதே.

மங்கையற்கரசி

தலைமன்னார்,
19.07.1998

அன்புள்ள அரசி,

ஆமியிடம் பயணப் பாஸ் கிடைக்கவே நாலு மாதம் போய்விட்டது. வழியிலும் இரண்டு நாள் மறித்துவைத்தார்கள்.

டொக்டர் சொன்னது இதுதான். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காதின் கேள்வி குறைந்திருக்கிறது. போன வருடமே கொண்டு வந்திருந்தால், மிச்சமிருந்த கேள்வியை வைத்துப் பேச்சுப் பழக்கியிருக்கலாமாம். இப்போது அதுவும் இல்லை. அன்ரோனெற் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

டொக்டரின் வாசல்வரை வந்த நீ ஏன் உள்ளே வரவில்லை? பிள்ளை உன் கையைப் பிடித்து இழுத்தாளே.

எதற்கும் இருக்கட்டும் என்று டொக்டர் காதில் மாட்டிய மெஷினைப் பிடுங்கிப் போடுகிறாள். தாய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டியைத் தட்டுகிறாள், திரும்புவாளா என்று. ஒவ்வொரு நாளும். என்னால் பார்க்க முடியவில்லை.

பிரான்சிஸ்கா

கொழும்பு,
28.07.1998

பிரான்சி,

உள்ளே வர எனக்கு முகமில்லை. போன வருடத்துக் கசெற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் நீ "மதலேனா, மதலேனா" என்று ஆறு தரம் கூப்பிடுகிறாய். ஒரு மரக் கதிரை தடாலென்று விழுகிறது. பிள்ளைகள் எல்லாரும் கத்துகிறார்கள். 'ஏழாம் இலக்கம் நிமிரவில்லை, மண் விளையாடுகிறாள்' என்று நீயே குறிப்பில் எழுதியிருந்தாய்.

'காது கேளாதிருக்கலாம்' என்று ஓரத்தில் எழுதி, அவளைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். என் ஆராய்ச்சி பேசும் பிள்ளைகளைப் பற்றியது. உனக்கு எழுதத்தான் நினைத்தேன். அந்தக் கிழமை அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு மறந்துபோனேன். வேறு நல்ல காரணம் ஏதும் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், பிரான்சி. இல்லை.

ஒரு வரியாவது எழுது.

அரசி

தலைமன்னார்,
23.08.1998

அரசி,

தினமும் அவளோடு இருந்தவள் நான். நீ நாடாவில் கேட்டதை நான் கண்ணால் பார்த்தும் தண்டனை கொடுத்தேன். உன்னைப் பேச எனக்கு வாயில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்ரோனெற்றிடம் உன் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் வந்து, "ரீச்சர், கொழும்பு அக்கா இல்லாட்டி எங்களுக்கு இதுவும் தெரிஞ்சிருக்காது. அவவுக்கெண்டு நல்ல பாரைக் கருவாடு போட்டு வைச்சிருக்கிறன். அட்ரஸ் எழுதித் தாங்கோ" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன்.

பார்சல் வந்ததும் அவளுக்குப் பதில் போடு. எனக்கு இனி எழுதாதே.

பிரான்சிஸ்கா