கழித்துப்போட்ட ஐந்து குஞ்சுகள்

ஜூலை 6, திங்கள் இரவு

அன்புள்ள மீனா,

ஒத்தக்கடை ஹாஸ்டல் பழகிவிட்டதா? நீ போனதிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. புத்தகப் பையை வைத்துவிடுகிறேன்.

இன்று எங்கள் கோழி ஷெட்டுக்குக் குஞ்சு கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். குஞ்சுகள் இறங்கி நாலு நாள்தான் ஆகிறது. "இளச்சதெல்லாம் கழிச்சிருங்க. வச்சிருந்தாத் தீனிக்குக் கேடு" என்றார். அப்பா ஒரு வாளி நிறையப் பொறுக்கி உன் அப்பாவிடம் கொடுத்து, "காளை, பின்னால கொண்டுபோயிக் கழுத்தத் திருகிப் போட்டுரு" என்றார். சாயங்காலம் உன் அப்பா துண்டில் சுற்றி ஐந்து குஞ்சுகளை என்னிடம் நீட்டினார். "மத்ததை முடிச்சிட்டேன் பாப்பா. இந்த அஞ்சும் கையைக் கொத்துதுக. எனக்கு மனசு வரல."

பழைய மோட்டார் ரூமில் ஒளித்துவைத்திருக்கிறேன். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. நெஞ்செலும்பு மட்டும் குத்துகிறது. பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. போன வருஷம் நீ ஒன்றைப் பிழைக்க வைத்தாயே, எப்படி? சீக்கிரம் எழுது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரிந்தாலும் அதேதான். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். உன் அப்பா நாளை சாப்பாட்டுத் தூக்கோடு வரும்போது கொண்டுவருவார்.

உன் சத்யா


ஜூலை 7

அடியே சத்யா,

உன் எழுத்து பூராவும் கோணல். போர்வைக்குள் எழுதினால் அப்படித்தான்.

முதலில் சூடு. அட்டைப் பெட்டிக்கு மேல் குண்டு பல்பைத் தொங்கவிடு. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று அர்த்தம். வாயைப் பிளந்தால் பல்பைத் தூக்கிக் கட்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பின்பக்கத்தை ஊறவைத்துத் துடை, பிய்க்காதே. கருப்பட்டித் தண்ணீரை விரல் நுனியில் எடுத்து அலகில் வை. இரண்டு வேளை தாங்கிவிட்டால் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொடு.

தட்டில் தண்ணீர் வைக்காதே, முங்கிச் செத்துவிடும். ஷெட்டில் குஞ்சுகள் தண்ணீர் குடிக்கிற சின்ன டிரிங்கர் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றை ராத்திரி எடுத்துக்கொள். உங்கள் அப்பா எத்தனை இருக்கிறது என்று பார்ப்பார். அதனால் விடியும் முன்னால் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடு.

இவளும் பயப்படுகிறாளே என்று சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். தைரியமாக இரு.

உன் பாண்டிமீனா


ஜூலை 11, சனி இரவு

அன்புள்ள மீனா,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். ஒன்று மட்டும் இரண்டாம் நாளே போய்விட்டது. மற்ற நாலும் எழுந்துவிட்டன. கழுத்து நீளமானது என் சட்டைப் பித்தானை விடாமல் கொத்துகிறது. தினமும் டிரிங்கரை எடுத்து, விடிவதற்குள் வைத்துவிடுகிறேன். யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் ஷெட்டில் என்னவோ நடக்கிறது. வியாழக்கிழமை இருபது செத்துக் கிடந்தன. நேற்று அறுபது. இன்று எண்ணவில்லை, சாக்கில் அள்ளினார்கள். எல்லாம் இறக்கையைத் தொங்கப்போட்டு, பின்பக்கம் வெள்ளையாக ஒட்டி, என்னிடம் வந்தபோது இந்த ஐந்தும் இருந்த மாதிரியே இருக்கின்றன. முதலில் செத்தது எந்த மூலை தெரியுமா? நான் டிரிங்கரைத் திருப்பி வைக்கிற மூலை.

அப்பா உன் அப்பாவைக் கூப்பிட்டு, "தண்ணித் தொட்டிய நீதானடா கழுவுற? என்னத்தடா கலந்த?" என்று கேட்டார். "ஐயா, நான் எதுக்குங்கய்யா?" என்று உன் அப்பா சொல்லி முடிக்கவில்லை, அப்பா அறைந்துவிட்டார். "போன வாரம் லீவு தரலேனு மொறச்சேல்ல, அதுக்குத்தான்" என்றார். நான் ஜன்னலில் நின்றுகொண்டு பார்த்தேன்.

சொல்லிவிடட்டுமா?

சத்யா


ஜூலை 12

சத்யா,

அப்பா கன்னம் வீங்கி வந்தார். கேட்டால் பல்வலி என்கிறார். கொண்டுவந்த சோற்றை நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சொல்லாதே. சொன்னால் குஞ்சை யார் கொடுத்தது என்று கேட்பார்கள். டிரிங்கர் யோசனை யாருடையது என்றும் கேட்பார்கள். உன்னை நாலு திட்டு திட்டி விட்டுவிடுவார்கள். எங்களை விடமாட்டார்கள்.

மோட்டார் ரூமிலிருந்து எதையும் இனி ஷெட்டுக்குக் கொண்டுபோகாதே. எனக்கும் இப்போது எழுத வேண்டாம்.

மீனா


ஜூலை 16, வியாழன் இரவு

மீனா,

எழுதாதே என்றாய். எழுதாமல் முடியவில்லை. இதை என் வகுப்புத் தமிழ்வாணி கொண்டுவருவாள், அவள் ஒத்தக்கடைக்கு டியூஷன் வருகிறாள். உன் அப்பா கையில் இனி எதுவும் கொடுத்துவிட முடியாது. நேற்று மத்தியானம் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரில் விஷம் கலந்ததாக அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை கால்நடை டாக்டர் வந்து செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்தார். "விஷம்லாம் இல்லங்க. கழிச்சல் நோய். இளச்ச குஞ்சோட எச்சத்துல இருக்கும், தண்ணி வழியாப் பரவும். அதுக்குத்தான் ஆரம்பத்துலயே கழிக்கச் சொல்றது" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டரை அனுப்பிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

சாயங்காலம் நான் போய்ச் சொல்லிவிட்டேன். நானே வாளியிலிருந்து எடுத்தேன், டிரிங்கரும் என் யோசனை என்றேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "எங்க, காட்டு" என்றார், அவ்வளவுதான்.

மோட்டார் ரூமில் குனிந்து நாலையும் பார்த்தார். "நல்லாத்தான் தேத்தியிருக்க" என்றார். நிஜமாகவே மெச்சுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திருகினார். நீளக் கழுத்துக்காரி அவர் பித்தானையும் கொத்தினாள். "கம்பெனிக்குத் தெரிஞ்சா இனிமே ஒரு குஞ்சுகூட நமக்குத் தரமாட்டான். காளைதான் செஞ்சான். புரியுதா? நீ இந்த ரூமுக்கு வரவே இல்ல." கையைக் கழுவிவிட்டு, "சோப்புப் போட்டுக் கழுவு சத்யா. நாளைக்குப் பரீட்சைல்ல?" என்றார். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தோசை வைத்தார். அந்தத் தோசையைத் தின்றேன் மீனா.

இப்போது கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கதவை மறித்துப் படுத்திருக்கிறார். இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

இந்த உறைக்குள் இரண்டு தாள் இருக்கிறது. இந்தத் தாளைக் கிழித்து எரித்துவிடு. மற்றதை உன் வார்டன் மேடத்திடம் கொடு, உன்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல். அது வெளியே போன பிறகு எனக்கு இங்கே என்ன ஆகும் என்று தெரியவில்லை. நாம் எழுதிக்கொள்வது இதோடு சரி. நீ எழுதினாலும் என் கைக்கு வராது.

சத்யா


(இரண்டாம் தாள்)

ஐயா,

கழித்துப்போட்ட குஞ்சுகளை வாளியிலிருந்து நானே எடுத்தேன். யாரும் கொடுக்கவில்லை. அவை குடித்த டிரிங்கரை நானே ஷெட்டில் கொண்டுபோய் வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. காளை என்பவர் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. இது என் அப்பாவுக்கு இன்று மாலையிலிருந்து தெரியும்.

இப்படிக்கு,
கா. சத்யப்ரியா,
பத்தாம் வகுப்பு,
த/பெ. காசிமாயன்