குமிழைப் பிடித்த கை

அண்ணை,

இன்று என் தோளில் அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். இறைச்சித் தொழிற்சாலையில் தூக்கித் தூக்கிக் கிழிந்த தோள். ஸ்பிரிட் மணம் எழுந்ததும், ஜேர்மனியில், பீலெஃபெல்ட் ஆஸ்பத்திரியில் நீங்கள் டொக்டரின் மூக்கை உடைத்த காலை நினைவுக்கு வந்தது. உலகக் கிண்ணக் கொடிகள் யன்னலெங்கும் தொங்கிய கோடை அது.

பக்கவாதம் உங்கள் இடக்கையைக் கொண்டுபோயிருந்தது. முதலில் கையிலும் காலிலும் வெறும் ஊசி. பிறகு தலையில். "மண்டையைத் தையல் மெஷினுக்குக் குடுத்திட்டன்" என்று சிரித்தீர்கள். விரல் அசையவில்லை. கடைசியில், ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவதாக டொக்டர் சொன்னார். மொழிபெயர்க்க நின்ற நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கம்பியைக் கண்டுவிட்டீர்கள்.

வலக்கை பறந்தது. டொக்டரின் மூக்கிலிருந்து விரிப்பில் இரத்தம் தெறித்தது.

"கிளிப்பைக் கழட்டடா நாயே! நான் ஒருத்தற்றை பேரும் சொல்லமாட்டன்!"

அமுக்க வந்த தாதியின் கையைக் கடித்தீர்கள். பட்டியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டக் கட்ட இன்னும் அலறினீர்கள்.

ஊரில் இராணுவ முகாமில் உங்களுக்குக் கரண்ட் வைத்ததை அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன். அகதி விசாரணையில் நீங்களே அதைச் சொல்லியிருந்தீர்கள். அங்கிருந்த அதிகாரிகள் தழும்பைக் காட்டு என்றார்கள். உங்கள் உடம்பில் கரண்ட் தழும்பு விடவில்லை. பொய் என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவனை அந்தக் கட்டிலில் கட்டிப்போட இன்றும் எனக்குக் கை துடிக்கிறது.

டொக்டர் மூக்கில் பஞ்சோடு திரும்பி வந்து பட்டியைத் தானே அவிழ்த்தார். மறுத்தால் இனிப் பராமரிப்பு இல்லம்தான் என்றார். நீங்கள் நெடுநேரம் கம்பியைப் பார்த்தீர்கள்.

"முதல்ல அவருக்குக் குத்தச் சொல்லு. கூட்டிக் குறைக்கிற குமிழ் என்ர கையில."

"விசரே அண்ணை உங்களுக்கு?"

"ஓம். சொல்லு."

சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துத் தானே குத்திக் கிளிப்பை மாட்டினார். நீங்கள் திருகினீர்கள், அவர் விரல்கள் துள்ளின. இன்னும் திருகினீர்கள். பல்லைக் கடித்தார். போதும் என்றார். உடனே நிறுத்தினீர்கள்.

"கண்டியோ? போதுமெண்டால் நிப்பாட்ட வேணும். அவ்வளவுதான்ரா நான் அவங்களைக் கேட்டது."

பிறகு உங்கள் கையை நீட்டினீர்கள். குமிழை மட்டும் விடவில்லை. ஊசியோ பயிற்சியோ, எது செய்ததோ தெரியாது. இலையுதிர் காலத்தில் இடக்கை தேநீர்க் கோப்பையைப் பிடித்தது. அந்த மாரியில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்து உங்களை முழுதாகக் கொண்டுபோனது.

இன்று எனக்கு ஊசி குத்திய பெண் கிளிப்போடு வந்தாள். என்னை எவனும் ஒருநாளும் கட்டிவைத்ததில்லை. ஆனாலும் குமிழைக் கேட்டேன். ஏன் என்றாள்.

"ஒரு மூக்கை உடைத்து வாங்கிய உரிமை" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. தந்தாள்.