திரும்பிப் பார்க்காத அம்மாவுக்கு

மேட்டுக் கோயிலுக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில் படுத்திருக்கும் என் அம்மாவுக்கு,

உன் கம்பளி மறுபடியும் நனைந்திருக்கிறது. மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது, யாரும் அதை எடுத்துப் போர்த்துவதில்லை. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்றார் உன் மருமகன். சரியென்று ஆணியைப் பிடுங்கி அடுப்படிச் சுவரில் அடித்தேன். அங்கேயும் காலையில் தொட்டால் ஈரம். மழைக்காலத்தில் மஸ்கெலியாவில் எதுதான் காய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விடியுமுன்னே வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கும்போது அந்த மூலையிலிருந்து உன் இருமல் கேட்கிறதே, அதற்கு என்ன சொல்ல?

நீ எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பேரன் தானியேலுக்காகத்தான் வருகிறாய்.

போன மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகியபோது நானும் உன்னைப் போலவே வாயை விட்டுவிட்டேன். "ஆண்டவரே, இவன் பொழச்சா ஒமக்கே குடுத்துர்றேன்." பிழைத்துவிட்டான். இப்போது எங்கள் லயத்து வீட்டு வாசலில் நாயோடு ஓடிக்கொண்டிருக்கிறான். கோயில் உபதேசியார் இதையெல்லாம் மறக்கிற ஆளா? வருஷம் பிறந்ததும் நுவரெலியாவில் கோயில் நடத்தும் விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறார். உன் மருமகனோ, "நேந்துக்கிட்டது நீ. எம்புள்ள என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றில் கைவைக்காமல் எழுந்து போகிறார்.

அண்ணனையும் நீ இப்படித்தான் கொடுத்தாய். அவனுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டி, பிறந்த சாமுவேலை ஆண்டவருக்கே கொடுத்ததைக் கோயிலில் கேட்டுவிட்டு வந்து, நீயும் அழுது வேண்டினாய். பிறந்தவனுக்குச் சாமுவேல் என்றே பேர் வைத்தாய். ஏழு வயதில் அதே விடுதிக்கு உபதேசியார் கையில் பிடித்துக் கொடுத்தாய்.

அன்று நீ வேலைக்குப் போனாய். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ரோட்டுக்கு மேலே உள்ள மலையில் உனக்குப் பிரித்துவிட்ட தேயிலை நிரை. நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அண்ணன் பெட்டியோடு போகிறான். பத்தடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நீ ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்து பறித்தாய். கை நிற்கவேயில்லை. "அம்மா, அண்ணன் பாக்குதும்மா" என்றேன். "நீயும் திரும்பாதடி. சாமிக்குக் குடுத்தத திரும்பிப் பாத்தா லோத்து பொண்டாட்டி மாதிரி உப்பாயிருவோம்" என்றாய்.

உனக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்ததுதான் உன் வேதம். ஒரு வாரம் கேட்ட அன்னாளையும் இன்னொரு வாரம் கேட்ட லோத்தின் மனைவியையும் நீ ஒரே கயிற்றில் முடிந்துவிட்டாய். அதை அவிழ்த்துச் சொல்ல உன்னிடம் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை, அப்பா உட்பட.

அவனைப் பார்க்கப் போகவேயில்லை நீ. பஸ் ஏறி அட்டன் போய் ரயிலைப் பிடித்தால் எட்டிவிடுகிற தூரம்தான். அதற்குப் பதிலாக, அன்னாள் தன் பிள்ளைக்குச் செய்ததுபோல, வருஷா வருஷம் ஒரு சட்டை அனுப்பினாய். தோட்டத்தில் தரும் கம்பளியில் உனக்கென்று வந்ததை வெட்டி, நீயே தைத்து, உபதேசியாரிடம் கொடுத்துவிடுவாய். மற்ற பெண்களுக்குக் கம்பளி முழங்கால் வரைக்கும் தொங்கும். உனக்கு இடுப்போடு நின்றுவிடும். அந்த மிச்சத்தைப் போட்டுக்கொண்டுதான் ஆடி மழையில் மலையேறினாய். நெஞ்சுச்சளி உன்னைக் கொண்டுபோனபோது கடைசிச் சட்டைக்கு ஒரு கைதான் தைத்திருந்தது.

அதுவும் சின்னச் சட்டை. அண்ணனுக்கு மீசை அரும்பிய பிறகும் நீ ஏழு வயதுப் பிள்ளைக்கே தைத்தாய். "அவன் வளந்திருப்பான்ல?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "வேதத்துல சின்னச் சட்டைன்னுதான்டி இருக்கு" என்று என் வாயை அடைத்தாய். உன் பிடிவாதத்தை எந்தக் கத்தியால் வெட்டுவது?

போன வாரம் அண்ணனைப் பார்க்கப் பூண்டுலோயாவுக்குப் போனேன். அங்கே வாத்தியாராக இருக்கிறான். உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு வந்தவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் போனானே, அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுக் குறைவு. தானியேல் விஷயத்தைச் சொல்லி, "கொடுக்கலாமா, அண்ணே?" என்று கேட்டேன். அவன் வேதத்தை எடுத்து அன்னாளின் கதையை வாசித்தான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

"அன்னாள் சட்டைய ஆள்ட்ட குடுத்தனுப்பல, எஸ்தர். புருசனக் கூட்டிக்கிட்டு வருசா வருசம் அவளே கொண்டு போயிருக்கா."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதைதான், அம்மா. அது மட்டும் எப்படி நம் காதில் விழாமல் போனது?

"சட்டை வர்ற அன்னிக்கு நான் விடுதி கேட்டுல போய் நிப்பேன்" என்றான். "சட்டையப் பாக்க மாட்டேன். உபதேசியாருக்குப் பின்னால யாராச்சும் வர்றாங்களான்னுதான் பாப்பேன். சட்டைய சின்னப் பயலுகளுக்குக் குடுத்துருவேன். அம்மா ஏன் ஒரு தடவகூட வரல?"

அன்றைக்குத்தான் நீ சொன்ன உப்புக் கதையை அவனிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "லோத்து பொண்டாட்டி திரும்பிப் பாத்தது அழிஞ்சுபோற ஊர. நான் என்ன அழிஞ்சுபோற ஊரா?" என்று கேட்டுவிட்டு, அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். நானும் அழுதேன். உன்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அம்மா, பிள்ளையைக் கொடுப்பதுதான் ஆண்டவரைக் கனம்பண்ணுவது என்று நீ நினைத்தாய். கொடுத்த பிள்ளையைப் பார்க்கப் போவதும் கனம்தான் என்று அன்னாளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆண்டவர் நம்மிடம் உண்மையிலேயே கேட்டாரா? இல்லை, பயத்தில் நாமாகத்தான் கொடுத்தோமா? எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்ன வார்த்தையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. உன் மருமகனிடம் இதைத்தான் சொன்னேன். "புள்ளய விட்டுட்டு வந்துருவோம்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு சம்பளத்துக்கும் நம்ம ரெண்டு பேரும் போறோம்." அவர் தட்டை இழுத்துச் சாப்பிட்டார்.

உன் கடைசிச் சட்டைக்கு இன்னொரு கையையும் தைத்துவிட்டேன். துணிக்கு எங்கேயும் போகவில்லை. ஆணியில் தொங்கிய உன் கம்பளியைத்தான் வெட்டினேன். தானியேலுக்குப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஆனால் புதிதாக வைத்த அந்தக் கை மட்டும் இன்னும் காயவில்லை. "ஏம்மா சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டான். அந்தச் சட்டைக் கையை என் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் போவேன். கையில் சட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன். தானியேல் விடுதி கேட்டில் நின்று பார்க்கும்போது உபதேசியாருக்குப் பின்னால் நான் வருவேன். வீட்டு மூலையில் நின்று இருமாதே அம்மா, நீயும் என்னோடு வா. போகிற வழியில் பூண்டுலோயாவுக்கும் போவோம். அங்கே மீசை வைத்த ஒருவன் இன்னும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை திரும்பிப் பார்.

உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, உனக்கும் சேர்த்து ரோட்டைப் பார்த்த மகள்,
எஸ்தர்